சைட்டில் சேஃப்டி கமிட்டி: நோட்டு யார் கையில்?

கமிட்டி என்றதும் டர்பனில் இருக்கும் நம் ஆட்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கோயில் கமிட்டிதான். காவடிக்கு எத்தனை பேருக்குச் சமைப்பது, பந்தல்காரருக்கு முன்பணம் கொடுத்தாயிற்றா, போன கூட்டத்தில் என்ன முடிவானது என்று செயலாளர் நோட்டைத் திறந்து வாசிப்பார், வாசித்து முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்பார். கட்டட சைட்டில் தொழிலாளர்கள் நடத்துகிற சேஃப்டி கமிட்டியும் கிட்டத்தட்ட அதேதான். நாலைந்து பேர், ஒரு நோட்டு, நடுவில் ஒரு சண்டை. அந்த நோட்டு யார் கையில் இருக்கிறது, அதில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்தாலே போதும், கமிட்டிக்கு உயிர் இருக்கிறதா அல்லது ஆபீஸ் சுவரில் மாட்டிய படம்தானா என்று தெரிந்துவிடும்.

நான் எலெக்ட்ரீஷியன். ஊர் விருதுநகர் பக்கம். டர்பன் வந்து பதினோரு வருடம் ஆகிறது, அதில் இரண்டு சைட்டில் சேஃப்டி ரெப்பாக, அதாவது தொழிலாளர்களின் பாதுகாப்புப் பிரதிநிதியாக இருந்தேன். புதிதாக வருகிற பையன்கள் "அண்ணே, என் பேரையும் ரெப்புன்னு எழுதிட்டாங்க, இப்ப நான் என்ன செய்யணும்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். சட்டம் தென்னாப்பிரிக்காவினுடையது. வேறு நாட்டில் இருப்பவர்கள் இதில் வரும் எண்களை அப்படியே எடுத்துக்கொண்டு போய் மேனேஜரிடம் சண்டை போட வேண்டாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். சேஃப்டி ஆபீசர் வேறு, சேஃப்டி ரெப் வேறு. ஆபீசர் அந்த வேலைக்கென்றே படித்தவர், கம்பெனி சம்பளம் கொடுத்து வைப்பது. ரெப் என்பவர் நம்மில் ஒருவர். கம்பி கட்டுகிறவர், சென்ட்ரிங் அடிக்கிறவர், கிரேன் ஓட்டுகிறவர். அவருக்கு அவருடைய வேலை அப்படியே இருக்கும், கூடவே இதுவும். பல சைட்டில் என்ன செய்கிறார்கள் என்றால், ரெப்புக்கு ஒரு பச்சை ஜாக்கெட்டை மாட்டிவிட்டு "ஹெல்மெட் போடாதவன் பேரை எல்லாம் எழுதிக் கொடு" என்கிறார்கள். ஒரே ஒரு தடவை எழுதிக் கொடுத்தாலும் தீர்ந்தது. அப்புறம் சைட்டில் எவனும் உங்களிடம் வாய் திறக்க மாட்டான், நீங்கள் பக்கத்தில் வந்தாலே பேச்சு நின்றுபோகும். ஆள் பிடிப்பது ஃபோர்மேன் வேலை. ரெப்பின் வேலை ஆளைப் பார்ப்பதல்ல, இடத்தைப் பார்ப்பது.

சரி, சட்டத்துக்கு வருவோம். 1993இல் வந்த 85ஆம் எண் சட்டம், தொழில்சார் உடல்நலம் மற்றும் பாதுகாப்புச் சட்டம், இந்த ரெப்பையும் கமிட்டியையும் பற்றி 17 முதல் 20 வரையுள்ள பிரிவுகளில் பேசுகிறது. நாலே நாலு பிரிவுதான், ஒரு டீ குடிக்கிற நேரத்தில் படித்துவிடலாம். ஒரு முதலாளியிடம் 20 பேருக்கு மேல் வேலை செய்தால் ரெப் இருந்தாக வேண்டும். கடை, அலுவலகம் என்றால் 100 பேருக்கு ஒருவர். மற்ற இடங்களில், அதாவது நம் சைட் மாதிரி இடங்களில், 50 பேருக்கு ஒருவர். மிச்சமிருக்கும் துண்டுக்கும் ஒரு ஆள் உண்டு. 130 பேர் இருந்தால் இரண்டு ரெப் அல்ல, மூன்று. இந்தத் துண்டுக் கணக்கில்தான் முதல் ஏமாற்று நடக்கும், கவனித்துக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. கணக்கு ஒவ்வொரு முதலாளிக்கும் தனித்தனி. சைட்டில் 200 பேர் இருப்பார்கள், ஆனால் பிளம்பிங்காரரிடம் 14 பேர், பெயின்டரிடம் 9 பேர், டைல்ஸ்காரரிடம் 18 பேர் என்று பிரிந்து கிடப்பார்கள். இவர்களில் யாரும் 20ஐத் தாண்டவில்லை, ஆக யாருக்கும் ரெப் கிடையாது. ஆனால் ஸ்லாப்பில் இருக்கும் ஓட்டையில் கால் விடும்போது நீ எந்தக் கான்ட்ராக்டர் ஆள் என்று அந்த ஓட்டை கேட்காது. மெயின் கான்ட்ராக்டர் கமிட்டியில் இந்தச் சின்னக் குழுக்களிலிருந்தும் ஒவ்வொருவரைக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும் என்பது என் கட்சி. விஷயம் தெரிந்த வெளி ஆளைக் கமிட்டியில் சேர்த்துக்கொள்ளச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஓட்டு மட்டும் அவருக்குக் கிடையாது. ஓட்டு இல்லாவிட்டால் போகிறது, வாய் இருக்கிறதல்லவா?

ரெப்பை யார் தேர்ந்தெடுப்பது? முதலாளி தன் இஷ்டத்துக்கு ஒருவரை நியமிப்பதல்ல. எப்படித் தேர்ந்தெடுப்பது என்று தொழிலாளர்களோடு நல்லெண்ணத்தோடு கலந்து பேசித்தான் செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த இடத்தில் முழுநேரமாக வேலை செய்கிறவராகவும், அங்கே நடக்கும் வேலை தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். எவ்வளவு காலத்துக்கு என்று போட்டு, எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆளை எடுக்கும்போது நான் பார்ப்பது இரண்டு விஷயம், தொழிலும் மொழியும். எங்கள் சைட்டில் கம்பி கட்டுகிறவர்கள் அத்தனை பேரும் ஜூலு பேசுகிறவர்கள், எலெக்ட்ரிக்கல் பக்கம் தமிழும் தெலுங்கும், ஆபீஸ் முழுக்க ஆங்கிலம். மூன்று ரெப்பும் ஆங்கிலம் நன்றாகப் பேசுகிற ஒரே கூட்டத்திலிருந்து வந்துவிட்டால் கூட்டம் சீக்கிரம் முடியும், உண்மைதான், ஆனால் மேல்மாடியில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எங்களுக்கு வாய்த்தவர் கம்பி வேலையில் இருபது வருடம் பழுத்த ஒரு ஜூலுக்காரர், எல்லாருமே பாபா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஆங்கிலத்தில் பத்து வார்த்தைக்கு மேல் பேச மாட்டார், ஆனால் அந்தப் பத்தும் சரியான இடத்தில் விழும். மொழிபெயர்த்து மொழிபெயர்த்துப் பேசுவதில் கூட்டம் இரண்டு மடங்கு நேரம் இழுக்கும். இழுக்கட்டும்.

நேரம் என்றதும் இன்னொன்று. மீட்டிங்கை மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் வைக்கப் பார்ப்பார்கள், மனம் குளிர ஆளுக்கொரு பன்னி சௌவும் (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றிக் கொடுக்கும் டர்பன் சாப்பாடு) வாங்கிக் கொடுப்பார்கள். ரெப்பைத் தேர்ந்தெடுப்பது, ரெப் செய்யும் வேலை, அவருக்கான பயிற்சி எல்லாமே வழக்கமான வேலை நேரத்துக்குள் நடக்க வேண்டும், அந்த நேரம் வேலை செய்த நேரமாகவே கணக்கு என்று 17ஆம் பிரிவில் தெளிவாக இருக்கிறது. பன்னி சௌவைச் சாப்பிடுங்கள், மீட்டிங்கை இரண்டு மணிக்கு வையுங்கள்.

இரண்டு ரெப்போ அதற்கு மேலோ இருந்தால் கமிட்டி கட்டாயம். ரெப் எல்லாரும் அதில் உறுப்பினர். முதலாளி தன் பக்கம் ஆட்களை உட்கார வைக்கலாம், ஆனால் அவர்கள் எண்ணிக்கை ரெப்புகளின் எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது. மூன்று ரெப் என்றால் அந்தப் பக்கமும் அதிகபட்சம் மூன்று. ஆறு மேனேஜர்கள் வரிசையாக உட்கார்ந்து இரண்டு தொழிலாளர்களை விசாரிப்பது போன்ற கூட்டம் இந்தச் சட்டப்படி கமிட்டியே அல்ல. குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். தொழிற்சாலைக்கு அது சரியாக இருக்கலாம். சைட்டில் மூன்று மாதம் என்றால் தரைத்தளத்தில் பேசியதற்கு ஆறாவது மாடியில் பதில் வரும். நாங்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அடுத்த ஸ்லாப் போடுவதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை கூடினோம்.

இனி எல்லாரும் கேட்கிற கேள்வி. கமிட்டிக்கு என்ன அதிகாரம்? உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், கமிட்டி உத்தரவு போட முடியாது. பரிந்துரைக்கலாம். பரிந்துரைத்தும் நடக்கவில்லை என்றால் தொழிலாளர் துறை இன்ஸ்பெக்டருக்கு எழுதலாம். ஆபத்தான வேலையை நிறுத்தும் நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரம் அவரிடம் இருக்கிறது. சுரங்கத்தில் நிலைமை வேறு. 1986இல் கின்ராஸ் தங்கச் சுரங்கத் தீயில் 177 பேர் செத்தார்கள், 1995இல் வால் ரீஃப்ஸில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டின் மேல் ரயில் எஞ்சின் விழுந்து 104 பேர் செத்தார்கள். அதற்கெல்லாம் பிறகு 1996இல் வந்த சுரங்கச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ பெரிய ஆபத்து என்று நியாயமாகத் தோன்றினால் அந்த இடத்தை விட்டு வெளியேறும் உரிமையைத் தொழிலாளிக்கு எழுத்திலேயே கொடுத்தது. ரெப் சொன்னாலும் வெளியேறலாம். நம் கட்டடச் சட்டத்தில் அவ்வளவு வெளிப்படையான வரி இல்லை. ஆகவே யாராவது வந்து "ரெப் கையைத் தூக்கினால் வேலை நின்றுவிடும்" என்று சொன்னால் எந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று கேளுங்கள்.

அப்படியென்றால் நம் கையில் இருப்பது என்ன? நோட்டுதான். கொடுத்த ஒவ்வொரு பரிந்துரையையும் கமிட்டி பதிவு செய்து வைக்க வேண்டும் என்று 20ஆம் பிரிவு சொல்கிறது. பார்க்க எழுத்தர் வேலை மாதிரி இருக்கும். ஆனால் வாயால் சொன்னது காற்றோடு போகும். இடம், குறை, என்ன செய்ய வேண்டும், யார், எந்தத் தேதிக்குள் என்று எழுதி எதிரில் கையெழுத்தும் வாங்கியது போகாது, ஏனென்றால் நாளைக்கு ஏதாவது நடந்தால் இன்ஸ்பெக்டர் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான். இது மேனேஜருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

எங்கள் டவர் கிரேன் ஆபரேட்டர் டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்காரர். முன்னோர்கள் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர்கள். அவர் பேசும் தமிழில் பாதி ஆயாவிடம் கேட்டது, பாதி கோயிலில் கேட்டது. அங்கிள் என்று கூப்பிடுவோம். அவருடைய வாக்கி டாக்கி பேட்டரி மத்தியானம் இரண்டு மணிக்குச் செத்துவிடும். அதற்கப்புறம் கட்டடத்துக்குப் பின்பக்கம் இறக்குகிற சுமையை அவர் கண்ணால் பார்க்கவும் முடியாது, காதால் கேட்கவும் முடியாது, ஒருவன் மூலையில் நின்று கை காட்ட, இன்னொருவன் அதைப் பார்த்து மறுபடி கை காட்ட, அதை நம்பி ஒன்றரை டன்னை இறக்க வேண்டும். ஐந்து வாரம் வாயால் சொல்லிக்கொண்டே இருந்தார், "பார்க்கிறோம்" என்றார்கள். ஆறாவது வாரம் மீட்டிங்குக்கு வந்து, "தம்பி, முதல்ல இத எழுது, எழுதினாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்" என்று பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டார். எழுதினோம். சைட் ஏஜென்ட், அதாவது சைட்டுக்குப் பொறுப்பான கான்ட்ராக்டர் ஆள், அவர் பெயர் போட்டு, வெள்ளிக்கிழமை என்று தேதியும் போட்டோம். வியாழக்கிழமையே இரண்டு புது பேட்டரி வந்துவிட்டது.

ஆனால் எழுதினால் மட்டும் போதாது, என்ன எழுதுகிறோம் என்பது இருக்கிறது. இதை நான் கற்றுக்கொண்டது ஒரு ஓட்டையில். நாலாவது மாடி, கிழக்குப் படிக்கட்டுப் பக்கம், கேபிள் மேலே போவதற்காக ஸ்லாப்பில் விட்ட சதுர ஓட்டை, ஒரு ஆள் உள்ளே போகிற அளவு. மேலே ஒரு பிளைவுட் போட்டு மூடியிருந்தார்கள். ஒரு நாள் காலையில் பிளைவுட்டைக் காணோம், கம்பி கட்டுகிற பையன் ஒருவன் கம்பிக் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வந்து ஒரு காலை உள்ளே விட்டுவிட்டான். இன்னொரு கால் மடங்கி வெளியே மாட்டிக்கொண்டதால் தொடையில் சிராய்ப்போடு போயிற்று. கீழே நாலு மாடி.

அன்று கூடிய அவசரக் கூட்டத்தில் நாங்கள் எழுதியது, "எல்லாரும் கவனமாக இருக்கும்படி காலை டூல்பாக்ஸ் டாக்கில் (வேலை தொடங்கும் முன் நடக்கும் சின்னப் பாதுகாப்புப் பேச்சு) சொல்ல வேண்டும்." இது பரிந்துரையே அல்ல. கவனமாக இரு என்பதை அம்மா சொல்லலாம், கமிட்டி சொல்லக் கூடாது. பாபாதான் அதைப் பிடித்தார். "பலகையை யார் எடுத்தது?" என்று கேட்டார். யாரைத் தண்டிப்பது என்பதற்காக அல்ல, எதற்காக எடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ள. விசாரித்தால், சென்ட்ரிங்காரர்கள் எடுத்திருக்கிறார்கள். பழைய பிளைவுட்டைத் திருப்பிக் கொடுத்தால்தான் ஸ்டோரில் புதுசு கொடுப்பார்கள். கணக்குக்கு ஒன்று குறைந்தது, கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டார்கள். ஆக, ஓட்டையின் வேர் ஸ்டோர் ரூமில் இருக்கிறது.

இரண்டாவது தடவை எழுதியது வேறு மாதிரி இருந்தது. ஒன்று, ஓட்டை மூடும் பலகை ஸ்டோர் கணக்கில் வரக் கூடாது, சிவப்புப் பெயின்ட் அடித்து ஸ்லாப்பில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். இரண்டு, ஐந்தாவது மாடியிலிருந்து ஓட்டை விடும் இடத்தில் கம்பியை அறுக்காமல் குறுக்கே ஓடவிட்டே கான்கிரீட் போட வேண்டும், கேபிள் இழுக்கிற அன்றைக்கு மட்டும் அறுத்துக்கொள்ளலாம். பலகையே இல்லாவிட்டாலும் கால் உள்ளே போகாது. அந்தக் கம்பியை கிரைண்டர் வைத்து அறுக்க வேண்டிய ஆள் யார் என்றால் நான்தான், மாடிக்கு அரை நாள் கூடுதல் வேலை. நானே முன்மொழிந்து நானே மாட்டிக்கொண்டேன்.

சேஃப்டி பாடத்தில் இதற்கு ஒரு வரிசை சொல்வார்கள். முதலில் ஆபத்தையே இல்லாமல் ஆக்க முடியுமா, முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த வேறொன்றை அந்த இடத்தில் வைக்க முடியுமா, அதுவும் இல்லையென்றால் தடுப்பு கட்ட முடியுமா, அப்புறம் வேலை செய்யும் முறையை மாற்றுவது, எச்சரிக்கைப் பலகை வைப்பது. பெல்ட்டும் ஹெல்மெட்டும் கடைசியில். எந்தக் கமிட்டி நோட்டை வாங்கிப் பார்த்தாலும் முக்கால்வாசி கடைசியிலிருந்துதான் தொடங்கும், ஏனென்றால் அதற்குத்தான் செலவு குறைவு. செலவு என்றதும் ஞாபகம் வருகிறது, சட்டப்படி முதலாளி கொடுத்தாக வேண்டிய ஹெல்மெட், ஷூ, பெல்ட்டுக்கு உங்கள் சம்பளத்தில் ஒரு ராண்டு கூடப் பிடிக்கக் கூடாது. அது 23ஆம் பிரிவு. சம்பளச் சீட்டைப் பாருங்கள்.

குறை சொல்ல வருகிறவர்களின் பெயரை நோட்டில் எழுதாதீர்கள். சொன்னதற்காக வேலையை விட்டு நிறுத்துவதோ சம்பளத்தைக் குறைப்பதோ 26ஆம் பிரிவுப்படி குற்றம்தான், ஆனால் மூன்று மாதக் கான்ட்ராக்ட்டில் இருக்கிற பையனை யாரும் நிறுத்த வேண்டியதே இல்லை, புதுப்பிக்காமல் விட்டால் போதும். இடத்தையும் குறையையும் மட்டும் எழுதுங்கள். குறையைக் கேட்பதற்கு நல்ல இடம் மீட்டிங் அறை அல்ல, தண்ணீர் டேங்க் பக்கமும் கழிப்பறை வரிசையும்தான். பெரிய விபத்துகளை எல்லாரும் சொல்வார்கள், மயிரிழையில் தப்பியதை யாரும் சொல்ல மாட்டார்கள், வெட்கம். அதை வெளியே கொண்டுவரத்தான் ரெப்.

விபத்தே நடந்துவிட்டால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். யாராவது இறந்தாலோ, உறுப்பு போனாலோ, மயங்கி விழுந்தாலோ, 14 நாள் வேலைக்கு வர முடியாது என்ற நிலை வந்தாலோ இன்ஸ்பெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். சாவு என்றாலோ, சாகும் அளவுக்கு அடிபட்டாலோ, கைகால் போனாலோ, இடத்தை இன்ஸ்பெக்டர் அனுமதி இல்லாமல் கலைக்கக் கூடாது. மாட்டிக்கொண்டவரைக் காப்பாற்றவும், அடிபட்டவரையோ இறந்தவரையோ எடுக்கவும், இன்னொரு விபத்து நடக்காமல் தடுக்கவும் தவிர வேறு எதையும் தொடக் கூடாது. உடனே கழுவி விடுவார்கள், சாரத்தைப் பிரிக்கத் தொடங்குவார்கள். ரெப்புக்கு அந்த இடத்துக்குப் போகவும் விசாரணையில் இருக்கவும் உரிமை உண்டு, போய் நில்லுங்கள்.

"சேஃப்டி ஆபீசர் இருக்கும்போது இத்தனை எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. வெஸ்டர்ன் கேப் மாகாணத்தில் இருக்கும் ஜார்ஜ் நகரில் 2024 மே 6ஆம் தேதி கட்டிக்கொண்டிருந்த ஐந்து மாடிக் கட்டடம் விழுந்து 34 பேர் இறந்தார்கள். அங்கே பாதுகாப்பு ஆலோசகராக இருந்தவர் நிலைமை சரியில்லை என்று 2023லேயே விலகிவிட்டார் என்பது பின்னால் விசாரணையில் வெளிவந்தது. அவர் போனார், வேலை நடந்தது. நம் பக்கம் டொங்காட்டில் 2013 நவம்பர் 19ஆம் தேதி மால் இடிந்ததில் 2 பேர் இறந்து 29 பேர் காயம்பட்டார்களே, அங்கே நகராட்சி கோர்ட்டில் தடை வாங்கியிருந்தும் வேலை நின்றிருக்கவில்லை. கமிட்டி இருந்திருந்தால் இரண்டும் விழுந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன், தூணின் கணக்கு தப்பாக இருந்தால் கம்பி கட்டுகிறவருக்கு அது தெரிய வழியில்லை. ஆனால் சம்பளத்துக்கு வந்த ஒரு ஆள் விலகிப் போகலாம், அந்தத் தளத்திலேயே தினமும் நிற்கிறவர்கள் எங்கே போவது? விரிசலைப் பார்க்கிற முதல் கண் அவர்களுடையது. இன்ஸ்பெக்டருக்கு எழுதும் வழி அவர்கள் கையிலும் இருந்தாக வேண்டும்.

பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரெப்பாக இருந்து ஏதோ ஒன்றைப் பார்க்கத் தவறிவிட்டீர்கள் என்பதற்காக மட்டும் உங்கள் மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது, அதையும் சட்டமே சொல்கிறது. பொறுப்பு முதலாளியுடையதுதான்.

கடைசியாக டிசம்பர். பில்டர்ஸ் ஹாலிடேக்கு, அதாவது கட்டட வேலைக்காரர்களின் வருடக் கடைசி விடுமுறைக்கு, சைட்டை மூடுவதற்கு முந்தைய இரண்டு வாரம்தான் ஆண்டிலேயே மோசமான காலம் என்பது என் அனுபவம், எல்லாருக்கும் ஸ்லாப்பை முடித்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏற வேண்டும். அந்த இரண்டு வாரம் கூட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். ஜனவரியில் திறந்ததும் ஆட்களை மறுபடி எண்ணுங்கள், பாதிப் பேர் புது முகமாக இருப்பார்கள், ஒரு ரெப் வேறு சைட்டுக்குப் போயிருப்பார். அப்புறம் வேலை தொடங்குவதற்கு முன்னால் சாரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து வாருங்கள். மூன்று வாரம் டர்பன் மழையில் நின்ற சாரம் அது, அடிப்பலகைக்குக் கீழே மண் அரித்திருக்கும், கிளாம்ப் தளர்ந்திருக்கும், ஏணிப் பக்கத்தில் மட்டும் "பாதுகாப்பானது" என்கிற பச்சை டேக் ஜம்மென்று தொங்கிக்கொண்டிருக்கும். அதைத் திருப்பித் தேதியைப் பாருங்கள். டிசம்பர் என்று இருந்தால் சார இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை யாரையும் ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நோட்டை எடுத்துப் புது வருடத்தின் முதல் வரியை எழுதுங்கள்.